அம்பு பழக ஸ்டாண்டு: மரமா, பிவிசியா, இரும்பா?

வில் வாங்கியாயிற்று, அம்பு வாங்கியாயிற்று, அம்பு குத்தி நிற்பதற்கான ஃபோம் பலகையும் வீட்டுக்கு வந்துவிட்டது. அதை எதில் நிறுத்துவது என்கிற இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பினாங்கில் அண்மையில் என்னிடம் இதைக் கேட்டவர்கள் மூன்று விதம். ஒருவர் செபராங் பிறையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. புறப்பாட நடவடிக்கையில் வில்வித்தையைச் சேர்க்க நினைக்கிறார். இன்னொருவர் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமானைக் காரில் போட்டுக்கொண்டு பயிற்சித் திடலுக்குப் போகிறவர். மூன்றாவது, நிபோங் திபால் பக்கம் சொந்தச் செம்பனை நிலத்தில் பழகும் அண்ணன் தம்பி மூவர்.

மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. எந்த ஸ்டாண்டு வலுவானது என்று கேட்டால் பதில் எளிது. ஆனால் கேட்க வேண்டியது அது இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிப் பயிற்சிக்கு ஸ்டாண்டு செய்யும் யோசனை யாருக்காவது இருந்தால், அது மலேசியாவில் வீட்டு வேலை அல்ல. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். நான் எழுதுவது அம்புக்கு மட்டும்.

## எதை வைத்து அளப்பது?

தவறிய அம்பு எங்கே போகிறது. என் கணக்கில் இதுதான் முதல். 40 பவுண்டு இழுவிசையுள்ள வில்லிலிருந்து கிளம்பும் அம்பு மணிக்கு 180 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் வரும். அது ஃபோமில் ஏறினால் நல்லது. ஸ்டாண்டின் காலில் பட்டால்? மரம் அதை விழுங்கும், பிவிசி உடையும், இரும்பு அதைத் திருப்பி அனுப்பும். புதிதாகப் பழகுகிறவர்களின் அம்பு பலகைக்குக் கீழே போவது சாதாரணம். கீழே இருப்பதோ கால்கள்தான்.

மழை, வெயில், கரையான். நம் ஊரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதோடு வெயில், கடற்காற்றின் உப்பு, மண்ணிலிருந்து ஏறும் கரையான். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துச் செய்தால் ஓர் ஆண்டு தாங்குவதே கடினம்.

யார் தூக்குவது, எங்கே வைப்பது. ஃபோம் பலகையே பெரிதாக இருந்தால் 15 கிலோவைத் தாண்டும். ஸ்டாண்டு தனி. லிஃப்டில் நுழைய வேண்டும், மைவி போன்ற சின்னக் காரில் நுழைய வேண்டும், பள்ளிச் சாமான் அறையில் ஓர் ஓரமாக நிற்க வேண்டும்.

முன்பக்கம் சாயுமா. காற்றில் விழுவதை எல்லாரும் நினைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் அம்பைப் பிடுங்கும்போது நாம் பலகையை நம் பக்கம் இழுக்கிறோம் என்பதைப் பலர் நினைப்பதில்லை. கனமான பலகை, அதில் குத்தி நிற்கும் மற்ற அம்புகளோடு, இழுப்பவர் மேலேயே சாயும். அந்த அம்புகளின் வால்முனைகள் குழந்தையின் முக உயரத்தில் இருக்கும். நான் பழகும் இடத்தில் ஒரு பையன் இப்படித்தான் மயிரிழையில் தப்பினான். அன்றைக்குப் பிறகு கயிறு கட்டாத ஸ்டாண்டின் அருகே பிள்ளைகளை விடுவதில்லை.

செலவு. கடைசியில்தான் இது. கடைப் பில்லில் வராத செலவு எப்போதும் ஒன்று இருக்கும். அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## அளவு, எந்தப் பொருளுக்கும் ஒன்றுதான்

போட்டி விதிப்படி இலக்கு அட்டையின் தங்க நிற வட்டத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பலகை 10 முதல் 15 டிகிரி வரை பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். டிகிரியை அளக்கக் கருவி தேவையில்லை. 90 சென்டிமீட்டர் உயரப் பலகை என்றால், மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட 16 முதல் 23 சென்டிமீட்டர் வரை பின்னால் இருந்தால் போதும். மேல்விளிம்பிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அளந்துவிடலாம்.

அந்த அளவுப் பலகையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 85 சென்டிமீட்டர் போல இருக்கும். அதாவது முன்கால்களின் 85 சென்டிமீட்டர் அம்புக்கு நேராகத் தெரியும். மேலே உள்ள பகுதி முழுக்கப் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். பக்கவாட்டிலோ உச்சியிலோ சட்டம் எட்டிப் பார்க்கக்கூடாது. பலகையைத் தாங்கும் கீழ்ச்சட்டம்தான் அதிக அடி வாங்கும் இடம். அதன் முன்னால் ஃபோம் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு 130 உயரம் கட்டாயம் இல்லை. போல்ட் ஓட்டையை இரண்டு மூன்று உயரங்களில் போட்டுவைத்தால் தாங்கும் சட்டத்தை இறக்கிக்கொள்ளலாம்.

## மரம்

இரண்டுக்கு இரண்டு அங்குல மெராந்திச் சட்டம், ஏறத்தாழ 185 சென்டிமீட்டரில் மூன்று கால். உச்சியில் மூன்றையும் சேர்த்து ஒரே நீளப் போல்ட், இரு பக்கமும் வாஷர். முன்கால் இரண்டுக்கும் குறுக்கே ஒரு சட்டம், பலகை உட்காருவதற்கு. பின்கால் வழுக்கிப் போகாமல் முன்சட்டத்தோடு ஒரு கயிறு. அவ்வளவுதான். ரம்பமும் துளைபோடும் மிஷினும் இருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடியும். மொத்த எடை 8 கிலோ அளவில் வரும். சட்டமும் போல்ட்டும் பெயிண்டுமாக எனக்கு 90 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது.

மரத்தின் பெரிய நன்மை அம்பு விஷயத்தில்தான். மெராந்தி மென்மையான மரம். தவறிய அம்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே இறங்கி நின்றுவிடும், திரும்பி வராது. இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். ‘நல்ல மரமாகப் போடுவோம், நீண்ட நாள் உழைக்கட்டும்’ என்று செங்கால் மரத்தைத் தேடுகிறார்கள். வீட்டு வாசல்காலுக்கு அது சரி. இங்கே வேண்டாம். அவ்வளவு கெட்டியான மரத்தில் மோதினால் கார்பன் அம்பு பிளந்துபோகும். கனமும் இரண்டு பங்குக்குக் கிட்ட வரும். ஸ்டாண்டு விஷயத்தில் மென்மைதான் தகுதி.

பிறை தொழிற்சாலைப் பக்கம் பழைய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) இலவசமாகவே கிடைக்கும். எடுக்கலாம், ஆனால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ‘ஹெச்டி’ (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது, பயமில்லை. ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதை அறுத்து தூசியைச் சுவாசிக்காதீர்கள், அங்கேயே விட்டுவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, பராமரிப்பு. சட்டத்தை அறுத்த முனைதான் தண்ணீரை உறிஞ்சும். அந்த முனைகளில் பெயிண்டை இரண்டு மூன்று தடவை ஊறவிட்டு அடிக்க வேண்டும். கால்கள் நேராக மண்ணில் நிற்கக்கூடாது. செங்கல் வையுங்கள், இல்லையென்றால் பைப் மூடியை மாட்டுங்கள். மண்ணில் நின்ற மெராந்தியைக் கரையான் விடாது. இரண்டாவது, காலில் ஆழமாகக் குத்திய அம்பை எடுப்பது. ஆட்டி ஆட்டி இழுத்தால் அம்பு வரும், நுனி உள்ளேயே நின்றுவிடும். பொறுமையாகச் சுற்றிலும் உளியால் செதுக்கி எடுக்க வேண்டும். கால் சட்டம் எப்படியும் ஒருநாள் சல்லடையாகும். போல்ட்டைக் கழற்றி அந்த ஒரு காலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 15 வெள்ளி வேலை.

## பிவிசி பைப்

காணொளிகளில் மிக அழகாக இருப்பது இதுதான். நான் முதலில் செய்ததும் இதைத்தான். வெல்டிங் வேண்டாம், ஆணி வேண்டாம், பைப்பை வெட்டி முட்டிகளில் (இணைப்புத் துண்டுகளில்) செருகினால் ஸ்டாண்டு எழுந்து நிற்கும். கழற்றினால் எல்லாத் துண்டும் 90 சென்டிமீட்டருக்குள். ஒரு பையில் அடங்கும். நான்கைந்து கிலோதான் எடை.

அந்த ஸ்டாண்டு என் வீட்டு முன்புறத்தில் வெயிலில் நின்றது. சில மாதத்தில் குறுக்குப் பைப் நடுவில் தொய்ந்து வில் மாதிரி வளைந்துவிட்டது. பிவிசி சூட்டில் இளகும். அதன்மேல் ஓயாமல் கனம் உட்கார்ந்திருந்தால் மெல்ல மெல்லத் தொய்யும், பிறகு நிமிராது. வெயிலின் புற ஊதாக் கதிர் இன்னொரு பக்கம். மேல்தோல் வெளுத்துச் சுண்ணாம்பு போலாகி, பைப் நொறுங்கும் தன்மைக்கு வரும். அதற்கப்புறம் ஓர் அம்பு பட்டாலே போதும், கூர்மையான சில்லாகச் சிதறும். திடலில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தச் சில்லுகளைப் புல்லிலிருந்து பொறுக்குவது பெரும் பாடு.

இத்தனைக்கும் பிறகும் பிவிசியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். சரியான இடத்தில் இதைவிட நல்லது இல்லை. அந்த இடம்: பலகை சிறியது, ஸ்டாண்டு நிழலில் தூங்குகிறது, பழகும்போது மட்டும் வெளியே வருகிறது.

செய்வதாக இருந்தால் ஒன்றரை அங்குலத் தண்ணீர்ப் பைப்பை வாங்குங்கள். மின்கம்பி ஓட விடும் மெல்லிய பைப் ஆகாது. முட்டிகள் எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். ‘டி’ வடிவ முட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டி மறுபக்கத்தைச் செருகும்படி விட்டால்தான் கழற்ற முடியும். அடிப் பைப்புகளில் மணலை நிரப்பி மூடிவிட்டால் நிலையாக நிற்கும். மணலைப் போட்டதும் எடை குறைவு என்ற நன்மை பாதி போய்விடுகிறது என்பதும் உண்மைதான்.

மறைந்த செலவு முட்டிகள். பைப் மலிவு என்று நினைத்துக் கடைக்குப் போவோம். பத்துப் பன்னிரண்டு முட்டிகளைக் கூட்டிப் பார்த்தால் பைப்பை மிஞ்சும். எனக்கு 120 வெள்ளி ஆனது, மரத்தைவிட அதிகம்.

## இரும்பு

பட்டறைக்குப் போய் ‘ஹாலோ’ என்றால் சதுரக் குழாயை எடுத்துக் காட்டுவார்கள். இரும்பு என்றதும் கனம் என்று பயப்பட வேண்டாம். 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு அங்குல ஹாலோ மீட்டருக்கு 900 கிராம் அளவில்தான். மெராந்திச் சட்டமும் கிட்டத்தட்ட அதே எடைதான். ஒன்றரை அங்குலத்தில் 1.6 தடிப்புக்குப் போனால் இரண்டு பங்காகும். வாரம் முழுக்கப் பெரிய பலகை நிற்கும் இடத்துக்கு அதுதான் பொருத்தம். வெல்டிங் கூலியோடு 170 முதல் 200 வெள்ளி வரை எதிர்பாருங்கள். மரத்தைப் போல இரண்டு பங்கு. உழைப்பது பல பங்கு.

அம்பு விஷயத்தில் மட்டும் இரும்பு பொல்லாதது. வெற்று இரும்புக் காலில் என்னுடைய இரண்டு கார்பன் அம்புகள் ஒரே மாலையில் போயின. ஒன்று முன்னால் நார் நாராகப் பிளந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, தூக்கிப் போட்டேன். இன்னொன்று பார்க்க நன்றாகவே இருந்தது. அதுதான் ஆபத்து. உள்ளே விரிசல் விட்ட கார்பன் அம்பை மறுபடி நாணில் ஏற்றினால், விடும் நொடியில் உடைந்து வில் பிடித்த கையில் பாயக்கூடும். எதில் மோதியிருந்தாலும் அம்பை இரு முனையிலும் பிடித்து மெல்ல வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். நொறுக்கென்று சின்னச் சத்தம் வந்தாலும் அந்த அம்பு முடிந்தது. நடுத்தரமான அம்பு ஒன்றே 20, 30 வெள்ளி; நான்கு தவறினால் ஸ்டாண்டுக்குப் பாதி விலை கொடுத்த மாதிரி. இரும்பின் மறைந்த செலவு இதுதான்.

வழி உண்டு. வெளியே தெரியும் 85 சென்டிமீட்டர் முன்கால்களுக்கு முன்னால் இரண்டு அங்குல மெராந்திச் சட்டத்தைப் போல்ட் போட்டு மூடிவிடுங்கள். அம்பு மரத்தில் ஏறும், இரும்பைத் தொடாது. மரம் சிதைந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது துரு. புக்கிட் மெர்தாஜாமில் எனக்கு வெல்டிங் செய்து தந்த அண்ணன் முதலில் கேட்டது, “எங்க நிக்கப் போவுது தம்பி, கடல் பக்கமா?” என்றுதான். துத்தநாகம் பூசிய குழாய் என்றாலும் வெல்டிங் வைத்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துவிடும். துரு அங்கேதான் தொடங்கும். அந்த இடங்களுக்கு மட்டும் துத்தநாகப் பிரைமர் அடித்துப் பிறகு பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். துத்தநாகம் எரியும் புகை உடம்புக்குக் கெடுதல், ஆகவே வெல்டிங் காற்றோட்டமான இடத்தில் நடக்கட்டும். குழாயின் மேல்முனையை மூடுங்கள், அடிமுனையில் சின்னத் துளை ஒன்று போடுங்கள். உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியிலிருந்து தெரியாமலே காலைத் தின்றுவிடும்.

## மூங்கிலும் கேட்கிறார்கள்

கம்பத்துப் (கிராமத்து) பக்கம் மூங்கில் சும்மாவே கிடைக்கிறது, மூன்று கழியைக் கட்டினால் ஸ்டாண்டு. ஒரு நாள் நிகழ்ச்சிக்கு நன்று. அதற்கு மேல் வேண்டாம். பச்சை மூங்கிலில் வண்டு விழும், காய்ந்ததும் கட்டு தளரும், அம்பு பட்ட இடத்தில் நீளத்துக்குப் பிளக்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மரம் (மெராந்தி) | பிவிசி | இரும்பு ஹாலோ |
|---|---|---|---|
| தவறிய அம்பு | குத்தி நிற்கும் | பைப் உடையும், சில்லு சிதறும் | அம்பு பிளக்கும், திரும்பி வரலாம் |
| வெளியே நிற்பது | கூரை வேண்டும் | கூடாது | பூச்சு சரியாக இருந்தால் தாங்கும் |
| பெரிய எதிரி | கரையான் | வெயில் | துரு |
| மடித்தால் நீளம் | 185 செ.மீ. | 90 செ.மீ. | செய்யும் விதத்தைப் பொறுத்தது |
| எனக்கு ஆன செலவு | 90 வெள்ளிக்குள் | 120 வெள்ளி | 170 வெள்ளிக்கு மேல் |
| பழுது பார்ப்பது | ஒரு காலை மாற்றினால் போதும் | துண்டை மாற்றலாம் | பட்டறைக்குப் போக வேண்டும் |

விலை கடைக்குக் கடை மாறும். வரிசை அவ்வளவாக மாறாது.

## யாருக்கு எது

ஆசிரியைக்கு மரத்தைத்தான் சொன்னேன். வாரம் ஒரு முறை சாமான் அறையிலிருந்து வெளியே வரும், பயிற்சி முடிந்ததும் உள்ளே போகும். மழையும் கரையானும் அங்கே பெரிய தொல்லை இல்லை. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் இருவர் சேர்ந்தால் 8 கிலோவைத் தூக்கிவிடுவார்கள். மாணவர்களுடைய அம்பு நிறையவே தவறும், தவறத்தான் வேண்டும். அப்போது அது எதிலும் தெறிக்காமல் நிற்பது முக்கியம். இதில் இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு: சட்டத்தை அளந்து, அறுத்து, பெயிண்ட் அடிக்கும் வேலையை மாணவர்களோடு சேர்ந்தே செய்யலாம். தான் செய்த ஸ்டாண்டைப் பிள்ளை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும். முதலாம், இரண்டாம் ஆண்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு ரப்பர் உறிஞ்சி நுனி அம்பு கொடுப்பதாக இருந்தால் அதற்கு மட்டும் பிவிசி போதும்.

ஜெலுத்தோங் நண்பருக்குப் பிவிசி. மரத்தில் செய்தால் மடித்த கால் 185 சென்டிமீட்டர். மைவியில் முன் இருக்கையைச் சாய்த்தால்தான் நுழையும், மனைவி பிள்ளைகளோடு கிளம்ப முடியாது. பிவிசி துண்டுகள் பையில் அடங்கி, வீட்டில் கட்டிலுக்கு அடியில் தூங்கும், வெயிலே படாது. 60 சென்டிமீட்டர்ச் சதுரப் பலகையோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். 18 மீட்டர் தூரத்துக்கான இலக்கு அட்டை 40 சென்டிமீட்டர்தான், அது தாராளமாக உட்காரும். ஆனால் அவரிடம் இன்னொரு கேள்வியும் கேட்டேன்: போகிற திடலில் ஸ்டாண்டு ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால் அந்த 120 வெள்ளிக்கு அம்பு வாங்கலாம். வீட்டு நடைபாதையிலும் கார் நிறுத்துமிடத்திலும் பழகும் எண்ணம் இருந்தால் எந்த ஸ்டாண்டும் வேண்டாம் என்பதையும் சொன்னேன். தெர்ரஸ் (வரிசை) வீட்டுப் பின்புறத்துக்கும் அதே பதில். பின்சுவர் தாண்டினால் அடுத்த வீட்டுத் துணிக்கொடி.

செம்பனை நிலத்துச் சகோதரர்களுக்கு இரும்பு. ஸ்டாண்டு அங்கேயே நிற்கும், தினமும் தூக்கிப் போக மாட்டார்கள். மூவரும் 40 பவுண்டுக்கு மேல் இழுக்கிறவர்கள், பலகையும் பெரியது. ஒன்றரை அங்குல ஹாலோ, முன்கால்களுக்கு மரக்கவசம், மேலே சின்னத் தகரக் கூரை. கூரை ஃபோமுக்காக, வெயில் பிவிசியை மட்டுமல்ல, ஃபோமையும் பொடியாக்கும். ஸ்டாண்டைவிட அங்கே நான் அதிகம் பேசியது அதன் பின்னால் இருப்பதைப் பற்றித்தான். செம்பனை மரங்கள் வரிசையாக நிற்பதால் பின்னால் தடுப்பு இருப்பதுபோல் தோன்றும். வரிசைகளுக்கு நடுவே பாதை நேராகத் திறந்துகிடக்கிறது. குலை வெட்ட வருபவரும் மேயும் மாடும் அந்தப் பாதையில்தான் வருவார்கள். ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு ஒன்றை எழுப்பி அதன் முன்னால் ஸ்டாண்டை வைக்கச் சொன்னேன். மண் வெட்டிப் போடும் நாளில் நானும் போகிறேன். இடிச்சத்தம் கேட்டால் வில்லை இறக்கிவிட்டு ஓடி வந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். திறந்த வெளியில் இரும்பு ஸ்டாண்டின் அருகே நிற்கும் நேரம் அல்ல அது.

கயிறு மட்டும் ஆசிரியை, ஜெலுத்தோங் நண்பர், சகோதரர்கள் எல்லாருக்கும் பொது. ஸ்டாண்டின் உச்சியிலிருந்து பின்பக்கமாக ஒரு கயிறு, ஓரடி ஆழத்துக்கு அடித்த முளையில் இறுக்கிக் கட்டியது. புல்தரை இல்லாத இடத்தில் முளைக்குப் பதில் மணல் மூட்டை இரண்டு. கட்டி முடித்ததும் பலகையின் மேல்விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் பலமாக இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் முதல் அம்பை விடலாம்.